வெள்ளை மெழுகுக்குள்ள யாரு?

ஆம்பூர்ல எங்க வீட்டுக் கொய்யாக் கிளையில வெள்ளைக் கட்டிகள். மாவுப்பூச்சின்னு நினைச்சு மருந்தோட போனேன். சுரண்டினா மெழுகு, உள்ளே அசையாத செதில் பூச்சி!

இதே மாதிரி மெழுகை மெட்ராஸ் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ‘வெள்ளை அரக்கு’ன்னார். லண்டனில் ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து 1794இல் எழுதினார். 1798இல் ஃபாப்ரிசியஸ் அந்தப் பூச்சியை ‘காக்கஸ் செரிஃபெரஸ்’, அதாவது மெழுகு சுமப்பது என்றார். 1828இல் கிரே ‘செரோபிளாஸ்டஸ்’ பேரினத்தை உருவாக்க, பிற்பாடு இதுவும் அதுல சேர்ந்தது.

பேர்லயே மெழுகு, ஆனா மெழுகை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாது. ஒரே மாதிரி போர்த்திய இனங்கள் பல. மெழுகை நீக்கி, உடலைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியில் துளைகளையும் முட்களையும் பார்க்கணும்.

தோலைத் தடவியே ஆடா மாடான்னு சொல்ற ஊர் நம்மது. இங்கே போர்வையே ஏமாத்துது. மருந்தைக் கீழ வெச்சுட்டேன்; முதல்ல பேர் தெரியட்டும்.