காஞ்சிப் பட்டு: வெளிப்படைத்தன்மை யாருக்கு?

காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்கு முத்திரைகளுக்குக் குறைவில்லை. 2004இல் சில்க் மார்க், 2005-06இல் புவிசார் குறியீடு, 2006இல் கைத்தறி முத்திரை, 2015இல் இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் என அடுத்தடுத்து வந்தன. அசல் பட்டா, கைத்தறியா, எந்த ஊர் நெசவு என்று வாங்குபவர் கேட்பதற்கெல்லாம் இவை பதில் தருகின்றன. நெய்தவருக்கு எவ்வளவு கூலி போய்ச் சேர்ந்தது என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

கணக்கு வைக்கும் பழக்கம் இல்லாததால் வந்த குறை அல்ல இது. பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் தறிக்கு வருகின்றன. நெய்து முடித்த புடவை மறுபடி தராசில் ஏறுகிறது. ஜரிகையில் வெள்ளி இருப்பதால் அதன் வரவுசெலவு கிராம் சுத்தமாக ஏட்டில் நிற்கிறது. உழைப்புக்கு மட்டும் அந்த ஏட்டில் இடமில்லை.

கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் இந்த வேலை நடக்காது; கரை நாடாவை வாங்கித் திருப்பிவிடப் பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். பெரும்பாலும் அது மனைவி. ஒரு காலத்தில் பிள்ளைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக முதலாளியின் தறியில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகளும் அதில் உண்டு. ஊடு நூலைத் தாரில் சுற்றுவதும் வீட்டுப் பெண்கள் வேலைதான். கூலியோ புடவைக்கு இவ்வளவு என்று ஒரே பெயரில் எழுதப்படுகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தொடவில்லை. நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையை, தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் புடவையோடு இணைத்தது மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் அந்த அட்டையிலும் இருப்பது ஒரே முகம்.

பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் மாஸ்டர் வீவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பட்டு விலையும் வெள்ளி விலையும் ஏறி இறங்கும்போது முதலைப் போட்டுத் தாங்குபவர்கள் அவர்கள். விற்காத புடவையும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய கடைகள் இதை மதித்தாலே மாஸ்டர் வீவர்களின் நெருக்கடி பாதி தீரும். எனினும் பதிவே இல்லாத வீட்டுத் தறிவரை அந்தச் சட்டம் இறங்குவதில்லை.

ஆகவே சில்லறை நிறுவனங்கள் தம்மை நேர்மையானவை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், திறந்து காட்ட வேண்டியது நெசவாளரின் முகத்தை அல்ல, தம் கொள்முதல் ஒப்பந்தத்தை. துணையாளின் கூலி அவர் பெயரிலேயே தனியாக எழுதப்பட வேண்டும். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடையில் விற்கும் விலை நெய்தவருக்குத் தெரிய வேண்டும். கூலி பேசும் இடத்தில் அவருக்கு இன்றுவரை கிடைக்காத தகவல் அதுதான். இதைத் தொடங்கப் புதிய செயலியோ க்யூஆர் குறியீடோ தேவையில்லை. கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் கணக்கு ஏற்கெனவே எழுதப்படுகிறது. அதில் துணையாளுக்கு ஒன்று, காத்திருந்த நாளுக்கு ஒன்று என இரண்டு பத்திகளைச் சேர்த்து, அவை நிரம்பாத புடவையைக் கொள்முதல் செய்வதில்லை என்று 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸே முதலில் அறிவிக்கலாம்.