ஆம்புலன்ஸ்ல ஏற டிகிரி எதுக்கு?

போன வாரம் ஊர்லேர்ந்து சித்தப்பா போன் பண்ணியிருந்தார். தம்மம்பட்டில மரச்சிற்பப் பட்டறை வச்சிருக்கார். அவர் பொண்ணு இந்த வருஷம் பன்னிரண்டாவது முடிச்சிருக்கா.

"ஏங் கண்ணு, நல்ல மார்க்கு எடுத்துப்போட்டு ஆம்புலன்சுல போறதுக்குப் படிக்கறேங்குது. அதுக்கெல்லாமா டிகிரி? நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

என்கிட்ட கேட்டார் பாருங்க! மெக்கானிக்கல் படிச்சுட்டு பெங்களூர்ல உட்கார்ந்து ஜாவா தட்டிக்கிட்டிருக்கற என்கிட்ட :-) சரி, படிச்சுட்டுச் சொல்றேன்னு போனை வச்சேன். அப்படித் தேடினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். நம்ம ஊர்ல "பாராமெடிக்கல்"னா லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாமே அதுக்குள்ள வந்துடும். ஆனா அமெரிக்காவுல "பாராமெடிக்"னா ஒரே ஆள்தான்: ஆம்புலன்ஸ்ல வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள வைத்தியத்தை ஆரம்பிக்கறவர். தங்கச்சி படிக்க ஆசைப்படறது இந்த இரண்டாவது வகை.

இந்த வேலை எப்படிப் பொறந்ததுங்கற கதை எனக்கே தெரியாது. 1960கள் வரைக்கும் அமெரிக்காவுல பல ஊர்கள்ல ஆம்புலன்ஸ் ஓட்டினது யார் தெரியுமா? சவ அடக்கம் செய்யற கடைக்காரங்க. படுக்க வச்சுக் கொண்டுபோற மாதிரி நீளமான வண்டி அவங்ககிட்டத்தான் இருந்துச்சு. (பொழைச்சாலும் சரி, இல்லைன்னாலும் சரி, கஸ்டமர் அவங்களுக்குத்தான்!) பிட்ஸ்பர்க் நகரத்துல போலீஸ் வேன்லயே தூக்கிப் போட்டுக்கிட்டுப் போவாங்க. பின்னாடி நோயாளிகூட உட்கார ஆள் கிடையாது.

அதே பிட்ஸ்பர்க்ல பீட்டர் சாஃபர்னு ஒரு மயக்கவியல் டாக்டர் இருந்தார். வியன்னாவுல பொறந்தவர். வாயோட வாய் வச்சு ஊதறது, நெஞ்சை அமுக்கறதுன்னு இன்னைக்கு சி.பி.ஆர். சொல்லிக்கொடுக்கறாங்களே, அது உருவானதுல பெரும்பங்கு இவருக்கு உண்டு. 1966ல இவரோட 11 வயசுப் பொண்ணு ஆஸ்துமாவுல இறந்துபோச்சு. மூச்சு கொடுக்கறது எப்படின்னு உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன்! அதுக்கப்புறம் அவர் வேலை ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே திரும்பிடுச்சு.

1967ல ஃப்ரீடம் ஹவுஸ்ங்கற அமைப்போட சேர்ந்து, ஹில் டிஸ்ட்ரிக்ட்ங்கற கறுப்பர் குடியிருப்புலேர்ந்து வேலையில்லாத இளைஞர்களைக் கூட்டிக்கிட்டு வந்தார். பல பேர் பள்ளிக்கூடத்தையே முடிக்காதவங்க. அவங்களுக்குக் கிட்டத்தட்ட 300 மணி நேரப் பாடம். உடற்கூறு, உடலியங்கியல், மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறது வரைக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. 1968ல வண்டிங்க ஓட ஆரம்பிச்சு, முதல் வருஷத்துலயே 5,800 அழைப்புகளுக்கு மேல போயிருக்காங்க. 1974ல நான்சி கரோலின்ங்கற இளம் டாக்டர் இதுக்கு மருத்துவ இயக்குநரா வந்தாங்க. அங்க கத்துக்கொடுத்ததை வச்சு அவங்க எழுதின பாடப்புத்தகம் 1979ல வந்து நாடு முழுக்கப் பரவுச்சு.

ஆனா அதைப் பார்க்க ஃப்ரீடம் ஹவுஸ் இல்லை. 1975லயே நகர நிர்வாகம் சொந்தமா ஆம்புலன்ஸ் சேவை ஆரம்பிச்சு இதை மூடிடுச்சு. புதுச் சேவைக்குப் போன பழைய ஆளுங்கள்ல பல பேர் கொஞ்சம் கொஞ்சமா வெளியே தள்ளப்பட்டாங்க. தொழிலை உண்டாக்கினவங்ககிட்டயே "தகுதி இருக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. எனக்கு இதைப் படிச்சப்ப எரிச்சலா இருந்துச்சு. கையில ஒரு டிகிரி பேப்பர் இருந்திருந்தா அவ்வளவு சுலபமாத் தள்ளியிருக்க முடியுமா?

நம்ம நாட்டுக்கு வருவோம். டெல்லியில 1991லயே அரசு விபத்து ஆம்புலன்ஸ் சேவை வந்துடுச்சு. மும்பையில 2005ல 1298. அதே 2005 ஆகஸ்ட் 15, ஹைதராபாத்ல இ.எம்.ஆர்.ஐ. ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி 108. ஆரம்பிச்சவர் யாருன்னு நம்ம ஐடி மக்களுக்குச் சொல்லணுமா? சத்யம் ராமலிங்க ராஜு. 2007ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து அங்கேயே பாராமெடிக் பயிற்சியும் தொடங்கினாங்க.

தமிழ்நாட்டுக்கு 108 வந்தது 2008 செப்டம்பர் 15. நாலே மாசத்துல, 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்குல பொய் சொன்னேன்னு ராஜு கடிதம் எழுதிட்டார். கம்பெனி கவுந்துச்சு. ஆம்புலன்ஸ் நிக்கல. செலவுப் பணம் அரசாங்கத்தோடது, ஜி.வி.கே. குழுமம் நிர்வாகத்தை எடுத்துக்கிச்சு. இதெல்லாம் நடந்தப்ப நான் ஆறாவது, சத்யம்னா என்னன்னே தெரியாது.

108 வண்டியில ரெண்டு பேர். ஓட்டறவரை "பைலட்"னுதான் சொல்வாங்க. பின்னாடி இருக்கறவர் அவசர மருத்துவ டெக்னீஷியன். நர்சிங், விலங்கியல், தாவரவியல்னு ஏதோ ஒரு அறிவியல் டிகிரி படிச்சவங்களை எடுத்து, சில வாரம் பயிற்சி கொடுத்து ஏத்திவிட்டாங்க. சந்தேகம்னா போன்ல டாக்டர். அழைப்புகள்ல பெரும்பங்கு பிரசவம். ஓடற வண்டியிலயே குழந்தை பொறந்த செய்தி பேப்பர்ல அடிக்கடி வருதே, அப்ப கையில வாங்கினது அவங்கதான்.

அதுக்கு அடுத்த படிதான் தங்கச்சி கேக்கற படிப்பு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். 3 வருஷம் பாடம், 1 வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. 2021ல மத்திய அரசு இந்த மாதிரித் தொழில்களுக்கெல்லாம் தனி ஆணையச் சட்டம் போட்டப்ப, அட்டவணையில பாராமெடிக்கையும் பேர் சொல்லிச் சேர்த்தாங்க. அந்தச் சட்டப்படி குறைஞ்சபட்சப் படிப்பே 2,000 மணி நேரம். சாஃபர் கொடுத்த 300 எங்க, இது எங்க! டாக்டர்களுக்கே அவசர மருத்துவத்தைத் தனித் துறையா மருத்துவக் கவுன்சில் ஏத்துக்கிட்டது 2009லதான்னா பார்த்துக்குங்க.

இதையெல்லாம் எழுதிவச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். சத்யம் கதையெல்லாம் அவருக்கு ஏறல. "அப்பறம்?"னு மட்டும் கேட்டுக்கிட்டிருந்தார்.

அதனால நான் தாத்தாவைப் பத்திப் பேசினேன்.

2006. எனக்கு ஒன்பது வயசு. ராத்திரி தாத்தாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்துத் தெரு அம்பாசடரை எழுப்பிக் கொண்டுவந்து, பின்சீட்ல தாத்தாவை நடுவுல உட்கார வச்சு, அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். ஆத்தூர் போகணும், முப்பது கிலோமீட்டர் இருக்கும். மல்லியகரை தாண்டறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சித்தப்பா வழியெல்லாம் விசிறிவிட்டுக்கிட்டே, தண்ணி கொடுத்துக்கிட்டே போயிருக்கார். அப்ப என்ன செய்யணும்னு அந்த வண்டியில இருந்த யாருக்குமே தெரியாது.

"சித்தப்பா, அந்தப் பின்சீட்ல என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒரு ஆள்... அதுக்குத்தான் நாலு வருஷம் படிக்கப் போறா"ன்னேன்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பட்டறையில உளி தட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"தண்ணி குடுத்திருக்கக் கூடாதா கண்ணு?"

சித்தப்பா, அதனால ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொன்னேன். நம்பினாரான்னு தெரியல. கொஞ்சம் கழிச்சு, ராத்திரி டூட்டி உண்டான்னு கேட்டார். உண்டுதான், மறைக்கலை. சம்பளம்? ஆரம்பத்துல கம்மிதான், அதையும் சொல்லிட்டேன். விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி என்னைக்குன்னு பார்த்து வாட்ஸப்ல போடச் சொல்லிட்டு வச்சுட்டார்.