டீசல் யந்திரமும் குளிரும்

பெற்றோல் யந்திரத்தில் எரிபொருளை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் யந்திரத்தில் அப்பொறி இல்லை. காற்றை வன்மையாக அமுக்குவதால் எழும் வெப்பமே எண்ணெயை எரிக்கிறது. ஆகவே வெப்பத்தைப் பேணுவதும் எண்ணெயை நுண்டுளியாக்குவதுமே அதன் வரலாறு எனலாம்.

1897 இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் றூடோல்ப் டீசலின் யந்திரம் சோதனையில் வெற்றி கண்டது. எண்ணெயைச் சிதறடிக்க அதற்கு அமுக்கிய காற்று வேண்டியிருந்தது. அக்காற்றை ஆக்கும் கருவியின் பாரத்தைச் சுமந்து வீதியில் ஓடுதல் எளிதன்று. 1927 இல் பொஷ் நிறுவனம் எண்ணெயையே உயரமுக்கத்திற் செலுத்தும் பம்பியைத் தொடராக ஆக்கத் தொடங்கியபின், சிறு வாகனங்களுக்கும் வழி திறந்தது.

எனினும் குளிர் விடவில்லை. குளிர்ந்த உருளைச் சுவர் காற்றின் வெப்பத்தைப் பறித்துவிடும். 1936 இல் வெளிவந்த மேர்சிடிஸ்-பென்ஸ் 260 டி காரில், எரியறையை முன்னரே சூடேற்றும் குளோ பிளக் இக்குறையைத் தீர்த்தது.

ஆயினும், இன்ஜெக்டரின் நுண்டுளையிற் கரி படிந்தால் அவ்வெப்பமும் பயன்தராது. எண்ணெய் பனிப்புகைபோற் பரவாது ஒழுகும். பெருந்துளி குளிரிற் பற்றாது, வெண்புகையே எழும். எனவே பித்தளைத் தூரிகையாற் கரியை அகற்றி, சோதனைப் பம்பியில் தெளிப்பைப் பார்த்த பின்னரே அதனைப் பூட்டுவர். அத்தெளிப்பின் முன் கையை நீட்டலாகாது. அது தோலையும் துளைக்கும். அத்துணை வலிய தெளிப்பு ஒரு சிறு கரித்துகளால் குலைந்துவிடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.