முகக்கவசமும் தனிமனித சுதந்திரமும்

1918ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி நண்பகல், சான் பிரான்சிஸ்கோ நகரெங்கும் ஊதுகுழல்கள் ஒலித்தன. ஏறக்குறைய நான்கு வாரங்களாக முகத்தை மூடியிருந்த துணியை மக்கள் கழற்றி வீதியிலே வீசினர். பத்து நாட்களுக்கு முன்னர்தான் முதல் உலகப் போர் முடிவுற்றிருந்தது. நோயும் போரோடு ஒழிந்தது என்று நகரம் நம்பிற்று. அந்நம்பிக்கை ஒரு மாதங்கூட நிலைக்கவில்லை.

உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற இன்புளுவென்சா அந்நகரை எட்டியது செப்டெம்பர் இறுதியில். ஒக்டோபரில் பாடசாலைகளும் படமாளிகைகளும் நடன மண்டபங்களும் மூடப்பட்டன. சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லர் முகக்கவசத்தை வற்புறுத்தினார், மேயர் ஜேம்ஸ் ரொல்ஃப் ஆதரித்தார், சட்டம் பிறந்தது. அணியாதோர் அமைதியைக் குலைத்தவர்கள் என்ற குற்றச்சாட்டின் பேரிற் கைதாயினர். பெரும்பாலோர்க்கு ஐந்து டொலர் தண்டம், சிலருக்குச் சிறை.

இனி நிகழ்ந்ததே நம் கவனத்துக்குரியது. சட்டம் நடைமுறையில் இருந்தபோதே ஒரு குத்துச்சண்டைப் போட்டி நடைபெற்றது. அங்கே எடுக்கப்பட்ட புகைப்படம், முகக்கவசமின்றிக் கூடியிருந்த நகரப் பிரமுகர்களை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. அவர்களுள் மேயரும் இருந்தார். சட்டத்தின் தந்தையான ஹாஸ்லரும் இருந்தார்! மேயருக்கு ஐம்பது டொலரும் ஹாஸ்லருக்கு ஐந்து டொலரும் தண்டம் விதிக்கப்பட்டன. ஐம்பது டொலர் மேயருக்கு ஒரு பொருட்டன்று. ஐந்து டொலரோ ஓர் அன்றாடக் கூலியாளுக்குச் சிறு தொகையன்று. தண்டத்தின் பாரத்தைத் தொகையை மட்டும் கொண்டு அளக்க முடியாது.

டிசம்பரில் நோய் மீண்டும் தலைதூக்கியது. முகக்கவசச் சட்டத்தை மறுபடியும் கொண்டுவரும் யோசனையை நகரசபை தோற்கடித்தது. நத்தார்க் கால வியாபாரம் கெட்டுவிடும் என்று அஞ்சிய வணிகர் அதனை எதிர்த்திருந்தனர். சுதந்திரம் என்ற சொல்லின் பின்னே கல்லாப்பெட்டியின் ஓசையும் கேட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1919 ஜனவரியில் சாவுகள் பெருகிய பின்னரே சட்டம் மீண்டும் வந்தது.

அப்பொழுதுதான் 'முகக்கவச எதிர்ப்புக் கழகம்' தோன்றிற்று. ஜனவரி 25ஆம் திகதி அதன் கூட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் திரண்டனர். கழகத்தின் தலைவி பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்த ஒரு வழக்கறிஞர். ஆகவே இவர்களையெல்லாம் பிற்போக்காளர் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. அரசு மனிதனின் உடல்மீது கைவைக்கும்போது ஐயுறுவது முற்போக்காளனின் கடமையுங்கூட. மேலும், அவர்களது வாதம் ஓரளவு சரியாகவே இருந்தது. அன்று பயன்பட்ட மென்துணி நோயைத் தடுக்கப் பெரிதும் உதவவில்லை எனக் கலிபோர்னியா மாநில சுகாதாரத் துறையினரே பின்னர் முடிவுகட்டினர். நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பதும் அன்று தெரியாது. மனிதரிடமிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது 1933இற்றான்.

எனினும், துணி பயன் தந்ததா என்பது ஒரு கேள்வி. என் மூச்சு எனக்கு மட்டும் உரியதா என்பது வேறு கேள்வி. கழகத்தார் முதலாவதற்கு விடை கூறிவிட்டு இரண்டாவதையும் தீர்த்துவிட்டதாக எண்ணினர். குத்துச்சண்டை பார்க்கப் போனவர் தாமே விரும்பிப் போனார். அவர் வீடு திரும்பிய டிராம் வண்டியின் நடத்துநரோ, அவருக்கு உணவு பரிமாறிய பணியாளோ எவருடைய மூச்சுக்கு அருகே நிற்பது என்பதைத் தாமே தெரிந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு வீட்டில் இருக்கும் சுதந்திரம் இல்லை. இருந்தால் அன்றைய கூலி இல்லை.

2020, 2021ஆம் ஆண்டுகளில் நாமும் இதனைக் கண்டோம். கதவை அடைத்து நடந்த கல்யாண வீடுகளுக்கு நம்மிற் சிலர் போனோம். போகாவிட்டால் உறவினர் மனம் நோகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பந்தியிலே இலை எடுத்தவரின் வீட்டில் வயோதிபர் உண்டா என நாம் கேட்டதில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் 1919 பெப்ரவரி முதலாம் திகதி சட்டம் நீக்கப்பட்டது. நோயாளர் தொகை குறைந்ததே அதற்குக் காரணம். ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் அதற்குள் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டிருந்தனர். ரொல்ஃப் அதன் பின்னரும் பல ஆண்டுகள் மேயராயிருந்து, 1931இற் கலிபோர்னியாவின் ஆளுநரானார்.