ரதி–மன்மதன் கலியாணம் (மலையகக் காமன் கூத்து)

இலங்கையின் மத்திய மலைநாட்டில், அட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று காமன் (மன்மதன்) கம்பத்தை ஊன்றித் தொடங்கி, பௌர்ணமி இரவில் காமதகனத்தோடு உச்சம் பெறும் உற்சவம் காமன் கூத்து எனப்படும். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து மலையகத்தின் மூன்று பெருங்கூத்துகள் என்பர். ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் தகனத்தையே இதன் சாரமாகக் கொண்டாலும், ஏறக்குறைய இரண்டு வாரம் தோட்டமே ஆயத்தம் செய்வது ரதி–மன்மதன் விவாகத்துக்குத்தான்; மாலை மாறித் தாலி ஏறிய மணமகனே தீயில் மறையப்போகிறான் என்பதை முன்னமே அறிந்துகொண்டு அவனுக்குக் கலியாணம் செய்துவைக்கும் மனநிலைதான் இக்கூத்தின் தனிச்சிறப்பு என்று கொள்வதே பொருந்தும்.

மூலக்கதை புராணப் பிரசித்தமானது. சூரபன்மனால் இன்னலுற்ற தேவர்கள், சிவகுமாரன் தோன்றினாலன்றித் தமக்கு உய்வில்லை என உணர்ந்து, யோகத்தில் அமர்ந்த சிவபெருமான்மீது மலர்க்கணை தொடுக்கும்படி மன்மதனை ஏவுகின்றனர். நெற்றிக்கண் திறக்க அவன் சாம்பலாகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிய இறைவன், அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அவனை அநங்கனாக (உடலற்றவனாக) உயிர்ப்பிக்கிறான். காளிதாசன் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் ரதியின் பிரலாபத்துக்கே ஒதுக்கினான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் பாடினார். தகனம் நிகழ்ந்த தலம் மாயூரத்தை அடுத்த திருக்குறுக்கை என்பது ஐதிகம்; அட்ட வீரட்டங்களுள் அதுவும் ஒன்று.

தமிழர் காமனை எரித்ததற்கு நெடுங்காலம் முன்பே அவனை வணங்கியிருக்கின்றனர். புகாரில் இருந்த காமவேள் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவனோடு கூடலாம் எனத் தோழி தேவந்தி சொல்ல, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆண்டாளோ தை மாதம் தொடங்கி நோன்பிருந்து அனங்கதேவனிடம் தன் மணத்துக்காகவே விண்ணப்பம் செய்கிறாள். தஞ்சையில் மராட்டியர் ஆட்சியின் வழியாக வந்த லாவணி என்னும் வாதப்பாட்டு, எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாகி, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடியும்வரை வாதிட்டது.

1823ஆம் ஆண்டு முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட ஜனங்கள், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தபோது, மாரியம்மன் வழிபாட்டோடும் தப்புப் பறையோடும் கூடவே இக்கதையையும் கொணர்ந்தனர். காலராவும் பட்டினியும் உடன்வந்தோரை வழியிலேயே கொண்டுபோன அந்த நடையில், எத்தனையோ பெண்கள் ரதியின் நிலையை நேரில் கண்டவர்கள். அவள் ஒப்பாரி மலையகத்தில் இத்துணை ஆழமாக வேரூன்றியதற்குப் புராணபக்தியைக் காட்டிலும் இந்த அனுபவமே முதற்காரணம் எனத் தோன்றுகிறது.

தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை அடுத்துக் கூத்துக்கென விடப்படும் வெளியைக் காமன் பொட்டல் என்பர். மூன்றாம் பிறையன்று அங்கே கரும்பும் ஆமணக்கும் முதலான கொப்புகளைச் சேர்த்துக் கட்டி ஊன்றுவர்; வைக்கோற் பிரியைச் சுற்றி உயர்த்தும் அக்கம்பமே காமன். ஊன்றிய காமனைப் பாதியில் கைவிட்டால் தோட்டத்துக்குக் கேடு விளையும் என்ற அச்சம் வலுவானது. ஆதலால் ஊன்றுவதற்குமுன் பலமுறை யோசிப்பர். பாத்திரமேற்போர் அன்றுமுதல் விரதம் காக்கின்றனர். ரதி வேடமும் ஆணுக்கே உரியது. பிள்ளை வரத்துக்காகவோ நோய் நீங்கவோ நேர்ந்துகொண்டு வேடம் கட்டுவோர் உண்டு. பகலெல்லாம் கொழுந்துக் காட்டிலும் கவ்வாத்து மலையிலும் வேலை. பொழுது சாய்ந்தபின் கூத்து மாஸ்டரின் முன்னிலையில் பாட்டும் அடவும் பயிற்சி. கிரீடத்துக்கும் புஜகீர்த்திக்கும் கண்ணாடித் துண்டும் வர்ணக் கடதாசியும் ஒட்டுவது இளைஞர் வேலை. கரும்பு வில்லை நாண் தளராமல் வளைக்கும் பொறுப்பை மட்டும் பெரியவர் ஒருவரே ஏற்பார்.

தோட்டத்துக்குத் தோட்டம் நாளும் வரிசையும் வேறுபடினும், கலியாணம் ஊர்க் கலியாணமாகவே நடக்கிறது. பெண்வீட்டார், மாப்பிள்ளைவீட்டார் என லயங்கள் பிரிந்து சீர்வரிசை எடுப்பதும், மொய் எழுதுவதும், தாலி கட்டும்போது குலவையிடுவதும் உண்டு. மணமக்கள் தப்பின் தாளத்துக்கு ஆடிக்கொண்டே வாசல்தோறும் வர, லயத்து அறையான காம்பிராவிலிருந்து வெளிவரும் பெண்கள் ஆரத்தி எடுக்கின்றனர். பிறகு இந்திரனின் ஓலையோடு தூதன் வருகிறான். ரதி தீக்கனாக் கண்டதைச் சொல்லித் தடுக்கிறாள். மன்மதன் போயே தீருவேன் என்கிறான். இவ்வாக்குவாதமே கூத்தின் நெடும் பகுதி. சிவனின் கோபவடிவான வீரபத்திரர் தீப்பந்தத்தோடு பொட்டலில் புகும்போது தப்பு கதி மாறுகிறது. காமன் எரிகிறான். சற்றுமுன் குலவையிட்ட அதே வாய்கள் ரதியோடு சேர்ந்து ஒப்பாரி வைக்கின்றன. மூன்றாம் நாள் உயிரெழுப்புதல் நிகழ்கிறது.

கலியாணமும் துக்கமும் கலந்த இக்கூத்து வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, இம்மலைகளில் வேறொரு இருண்ட அழகும் குடிபுகுந்தது. ஐரோப்பிய மத்தியகாலக் கோதிக் பாணியின் கூர்வளைவையும் கருங்கல்லையும் இங்கிலாந்து மீண்டும் விரும்பிய காலத்தில், நுவரெலியாவில் ஹோலி டிரினிட்டி ஆலயம் 1852இலும், டிக்கோயாவில் வார்லி ஆலயம் 1878இலும் எழுந்தன. நிழலையும் சோகத்தையும் படமாக்கிய புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் காலமாகிப் பொகவந்தலாவை ஆலய வளவில் அடக்கமானார். ஆங்கிலேயத் துரைமாரின் மணங்கள் இத்தகைய கோயில்களில் நடந்தபோது மணமகள் வெண்மையே உடுத்தாள். விக்டோரியா ராணி 1840இல் பிரபலமாக்கிய வழக்கம் அது. கறுப்பு மணவுடையும் மெழுகுவத்தி வெளிச்சமும் கோதிக் மணவிழா என்ற பெயரில் பரவியது, 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்த கோத் இசைக்குழுக்களின் ரசிகரால்தான். அத்தகைய மணவிழாவில் மணமக்கள் இருவரின் சுபாவம் விழாவின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. மணத்தில் கறுப்பைத் தீண்டாத மலையகத் தமிழரோ, தங்கள் துக்கத்துக்கு உரிய இரவுக் கலியாணத்தைத் தோட்டம் முழுவதற்குமாக முன்பே அமைத்துக்கொண்டனர். அது அவர்கள் எல்லாருடைய சுபாவத்தையும் காட்டுவது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அதன்படி குடும்பங்கள் கப்பலேறியபோது பல தோட்டங்களில் கூத்துக் குழுக்கள் உடைந்தன. மன்மதன் ஆடியவன் ஒரு நாட்டிலும் ரதி ஆடியவன் மறுநாட்டிலுமாக நின்றனர். இன்று இளைஞர் கொழும்புக்கு வேலை தேடிச் செல்வதால், இரண்டு வார உற்சவம் சில இடங்களில் ஓரிரவாகச் சுருங்கிவிட்டது. மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) செய்ததைப் போன்ற பணி காமன் பாடல்களுக்குத் தோட்டந்தோறும் தேவைப்படுகிறது. கூத்து மாஸ்டர்மார் தலைமுறையாகப் பெயர்த்தெழுதிவந்த கொப்பிகளில் இருப்பவை வார்த்தைகளே. மெட்டு அவர்கள் குரலில் இருக்கிறது. பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே அவ்விரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யவேண்டும்.