பட்டறைத் தட்டில் பிறந்த பீட்சா

டெட்ராய்ட் நகரத்துக் கார் தொழிற்சாலைகளில் நட்டு, போல்ட், சில்லறை உதிரிப் பாகங்களைப் போட்டு வைக்க ஒரு தட்டு புழங்கியது. இயந்திரத்திலிருந்து எண்ணெய் ஒழுகினால் அடியில் வைப்பதும் அதைத்தான். நீலம் பாய்ந்த கனத்த எஃகுத் தகடு, 10 அங்குல அகலம், 14 அங்குல நீளம், மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும் நான்கு சுவர்கள். கீழே போட்டாலும் நெளியாது. அடுப்புக்குப் போவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் அமெரிக்காவின் மிகச் சிறந்த வட்டாரப் பீட்சாக்களில் ஒன்று அதில்தான் உருவானது.

கோனன்ட் தெருவும் மெக்நிக்கல்ஸ் சாலையும் சந்திக்கும் மூலையில் ‘படீஸ் ராண்டவூ’ என்றொரு மதுக்கடை இருந்தது. மதுவிலக்குக் காலத்தில் ரகசியமாக நடந்த கடை அது. கொஞ்ச தூரத்தில் ஹாம்ட்ராம்க்; அங்கே டாட்ஜ் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை. ஷிஃப்ட் முடித்து வருகிற தொழிலாளிக்கு பீரோடு வயிற்றை நிரப்புகிற ஏதாவது வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், 1946இல், கடைக்காரர் கஸ் குவேரா பீட்சா போடத் தொடங்கினார். மனைவி அன்னாவின் குடும்பம் சிசிலியிலிருந்து வந்தது. பலேர்மோ பக்கத்தில் ‘ஸ்ஃபின்சோனே’ என்ற தடிமனான, பஞ்சு போன்ற ரொட்டியைத் தட்டிலேயே சுட்டு, மேலே தக்காளியும் வெங்காயமும் போடுவார்கள். மாவின் பக்குவம் அந்த வீட்டுச் சமையலிலிருந்து வந்ததாம். அதைச் சுட ஆழமான தட்டு வேண்டியிருந்தபோது, ஊரில் எங்கும் கிடைத்த பட்டறைத் தட்டு அடுப்படிக்கு வந்ததாக டெட்ராய்டில் சொல்கிறார்கள்.

வந்த தட்டு சும்மா இருக்கவில்லை. சிசிலி ரொட்டியை வேறொன்றாக மாற்றியது.

கனத்த எஃகு சூட்டை வாங்கினால் சீக்கிரம் விடாது. பளபளக்கும் தகடு அடுப்பின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். கருநிறத் தகடு உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டின் அடியில் எண்ணெய் தடவி மாவைப் பரப்பினால், மாவின் அடிப்பக்கம் வேகும்போதே பொரியவும் செய்கிறது. நம் வீட்டுத் தோசைக்கல்லைப் போல இதையும் பழக்க வேண்டும். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்த தட்டுதான் ஒட்டாமல் விடும். சோப்புப் போட்டுத் தேய்த்து ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். பழைய கடைகளில் பல வருடம் பழகிய தட்டுகளைச் சொத்தாகவே காப்பாற்றுகிறார்கள்.

அடுத்து சீஸ். டெட்ராய்ட் மிச்சிகன் ஏரிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பால் பண்ணைகளுக்குப் பேர்போன விஸ்கான்சின். சுவிட்சர்லாந்தில் பிறந்து அங்கே குடியேறிய ஜான் ஜோசி 1877இல் உருவாக்கியது ‘பிரிக்’ சீஸ். செங்கல் வடிவில் வார்த்து, செங்கல்லையே பாரமாக வைத்து நீரைப் பிழிந்ததால் அந்தப் பெயர் வந்தது. கொழுப்பு அதிகம், லேசான புளிப்பு, உருகினால் வெண்ணெய் போல வழியும். மற்ற ஊர்ப் பீட்சாக்காரர்கள் மொஸரெல்லாவைப் போட்டபோது, டெட்ராய்ட் பக்கத்து மாநிலத்து பிரிக்கைப் பிடித்துக்கொண்டது. பண்ணை அருகில் இருந்தது. ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம், அந்தத் தட்டுக்கு அது பொருந்தியதுதான்.

செய்முறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. தண்ணீர் தாராளமாகச் சேர்த்த தளர்ந்த மாவு. தட்டில் போட்டதும் விரலால் தள்ளி விரிப்பார்கள். அது சுருங்கிப் பின்வாங்கும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மூலை வரை தள்ளி, உப்பி எழ விடுவார்கள். பெப்பரோனி வில்லைகள் மாவின் மேலேயே, சீஸுக்கு அடியில். அப்புறம் சீஸை, நடுவில் குவிக்காமல், விளிம்பு வரை, சுவரை ஒட்டித் தூவ வேண்டும். தக்காளி சாஸ் கடைசியில், சீஸுக்கு மேலே, இரண்டு மூன்று பட்டைகளாக. பந்தயக் காரின் மேல் தீட்டும் கோடுகள் என்றே அதைச் சொல்கிறார்கள். சாஸ் அடியில் போனால் அதன் ஈரம் தடித்த மாவை வேகவிடாது. மேலே இருப்பதால் ரொட்டி லேசாகவும் சாஸ் புதுசாகவும் இருக்கிறது.

அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும்போது பார்க்க வேண்டியது நடுவை அல்ல, ஓரத்தை. சுவரோரம் வழிந்த சீஸ் தன் கொழுப்பிலேயே கொதித்து, ஈரம் வற்றி, பழுப்பேறி, கருமைக்கு ஒரு படி முன்னால் நிற்கும். தட்டையான கரண்டியைச் சுவருக்கும் பீட்சாவுக்கும் நடுவே விட்டு நான்கு பக்கமும் ஓட்டினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். முழுப் பலகையாகத் தூக்கி மரப்பலகையில் வைத்தால், பக்கங்களில் சரிகைக் கரை போட்டது மாதிரி சீஸ் நிமிர்ந்து நிற்கும். கடித்தால் முதலில் அந்த மொறுமொறுப்பு, பிறகு மெத்தென்ற ரொட்டி, அதற்கும் கீழே பொரிந்த அடி. மூலைத் துண்டுக்கு இரண்டு பக்கமும் கரை உண்டென்பதால் அதற்குத்தான் போட்டி. 1978இல் தொடங்கிய ஜெட்ஸ் கடை, எல்லாருக்கும் மூலை கிடைக்கட்டும் என்று எட்டு மூலைப் பீட்சாவையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பல பத்தாண்டுகள் இந்தப் பீட்சா ஊர் எல்லையைத் தாண்டவில்லை. குவேரா 1953இல் படீஸை விற்றுவிட்டு, கிழக்குப் புறநகரில் க்ளோவர்லீஃப் கடையை எடுத்து அங்கே இதே பீட்சாவைத் தொடர்ந்தார். படீஸில் வேலை பார்த்த ஒருவர் 1977இல் ஹேசல் பார்க்கில் லூயிஸ் கடையைத் திறந்தார். கை மாறி, கடை மாறி, தொழில் பரவியது இப்படித்தான். இதே காலத்தில் டெட்ராய்ட் சுற்றுவட்டாரம் உலகத்துக்கு இரண்டு பெரிய பீட்சா நிறுவனங்களைக் கொடுத்தது: 1959இல் கார்டன் சிட்டியில் லிட்டில் சீஸர்ஸ், 1960இல் இப்சிலாண்டியில் டோமினோஸ். சென்னைக்கும் மதுரைக்கும் வந்து சேர்ந்தது இந்த டோமினோஸ்தான். ஆனால் அவை ஊர் ஊராகக் கொண்டுபோனது சீக்கிரம் வேகும், பெட்டியில் அடங்கும் வட்டப் பீட்சாவை. சொந்த ஊர்ப் பீட்சா வீட்டிலேயே இருந்தது.

அதை வெளியே கொண்டுபோனது வியாபாரத் திட்டம் அல்ல, ஊரின் சரிவு. 1950இல் டெட்ராய்டின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம், 2010இல் சுமார் 7.1 லட்சம். தொழிற்சாலைகள் மூடின, பிழைப்புத் தேடி ஜனங்கள் கிளம்பினார்கள், கூடவே நாக்கும் போனது. டெட்ராய்ட்காரர்களான ஹன்ட் சகோதரர்கள் 2011இல் டெக்ஸாஸின் ஆஸ்டினில் ஒரு டிரெய்லர் வண்டியில் ‘வியா 313’ என்ற கடையைப் போட்டார்கள்; 313 டெட்ராய்டின் தொலைபேசிக் குறியீட்டு எண். அடுத்த வருடம், க்ளோவர்லீஃபில் தொழில் பழகிய ஷான் ரண்டாஸோ லாஸ் வேகஸில் நடந்த சர்வதேசப் பீட்சா போட்டியில் இந்தத் தட்டுப் பீட்சாவைச் சுட்டு வென்றார். ஊரில் சதுரப் பீட்சா என்று மட்டும் சொல்லிவந்தது, வெளியே டெட்ராய்ட் பாணி என்று பெயர் பெற்றது. 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு கொடுத்த சமயத்தில், அதன் பெயர் வேறு ஊர் மெனுக்களில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தட்டின் அருமை தெரிந்தது. மேற்கு வர்ஜீனியாவில் அந்த நீல எஃகுத் தட்டைச் செய்துவந்த ஆலை நிறுத்திவிட்டதால் தட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. வாஷிங்டன் மாநிலத்து லாய்ட் நிறுவனம், கறுப்புப் பூச்சேற்றிய கனத்த அலுமினியத்தில் அதே சாய்வு, அதே ஆழம் வைத்துப் புதுத் தட்டு செய்தது. உலோகம் மாறியும் பீட்சா மாறவில்லை. கருநிறம், கனம், சாய்ந்த சுவர் என்று எஃகு செய்துவந்த வேலையை அது விடாமல் செய்தது. காப்பாற்ற வேண்டியது அந்த வேலையைத்தான். பெயரும் பரவிக்கொண்டே போனது; 2021இல் பீட்சா ஹட் டெட்ராய்ட் பாணி என்ற பெயரிலேயே பீட்சா விற்றது.

ஒரு வட்டாரச் சமையல் பெரிதாவது ஊர்ப் பெருமையாலும் அல்ல, ரகசியச் செய்முறையாலும் அல்ல. தட்டால் கரை வந்தது. கரைக்குக் கொழுப்பு மிகுந்த சீஸ் வேண்டியிருந்தது. தடித்த மாவு வேக சாஸ் மேலே ஏறியது. ஒன்றைக் கேட்டால் இன்னொன்று காரணம் சொல்கிறது. அப்படிக் கோத்துக்கொண்ட சமையல் எந்த ஊரிலும் பிழைக்கும். அதைச் சுடுகிறவன் டெட்ராய்டைப் பார்த்திருக்கவே வேண்டாம். மேலே காளான் போடலாம், மிளகாய் போடலாம், கறியே இல்லாமல் சுடலாம். சீஸை மட்டும் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் போட்டால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது டெட்ராய்ட் பீட்சா இல்லை.