சிறாருக்காக வாதிடும் நா

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தின் பெயரை நாடறியச் செய்தது ஒரு துயர வழக்கு. 1993ஆம் ஆண்டில், திருட்டுப் புகாரின்பேரில் அவ்வூர்க் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட முதனை இராசாக்கண்ணு உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர் மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார், வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடினார். உண்மை வெளிப்பட்டது, காவலர் பெற்ற தண்டனையை 2006இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வளர்ந்த மனிதரின் நிலையே இதுவாயின், குற்றஞ்சாட்டப்பட்டுத் தனித்து நிற்கும் சிறுவனுக்காகப் பேசுவார் யார்? இவ்வினாவுக்கு முழுமையான விடை காணச் சட்டத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

சிறுவனைப் பெரியவனைப் போல் தண்டித்தலாகாது என்பது புதிய கருத்தன்று. பருவமடையாத பிள்ளை 'முகல்லஃப்' ஆகான், அவன்மீது ஹத்துத் தண்டனை இல்லை என்பது பிக்ஹு நூல்களின் முடிவு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயலைக் குற்றமெனக் கொள்ளவில்லை. 1887இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தோன்றியது. 1920இல் சென்னை மாகாணம் இயற்றிய குழந்தைகள் சட்டம் இத்துறையில் இந்தியாவுக்கே முன்னோடியாயிற்று; வங்கம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதனைப் பின்பற்றின.

ஆயினும் இக்கருணையில் ஒரு குறை இருந்தது. நீதிமன்றமே தந்தையின் இடத்தில் நிற்கையில் வழக்கறிஞர் எதற்கு என்று எண்ணினர். ஒன்றியப் பகுதிகளுக்கென 1960இல் வந்த குழந்தைகள் சட்டத்தின்படி, சிறப்பு அனுமதியின்றி வழக்கறிஞர் தோன்றும் உரிமை இல்லை. அத்தடை பின்னரே நீங்கியது. அமெரிக்காவிலும் இதே எண்ணம் நிலவியது. அங்கே அரிசோனாவில் 1964இல், தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 15 வயதுச் சிறுவன், வழக்கறிஞர் எவரும் இன்றி, 21 வயதுவரை அடைத்து வைக்கப்படலாம் என்ற தீர்ப்பைப் பெற்றான். பெரியவர் ஒருவர் அதே குற்றத்தைச் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம் அல்லது இரண்டு மாதம் வரை சிறை, அவ்வளவே. சிறுவருக்கும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பரிவு மட்டும் நீதியாகிவிடாது என்பதே அத்தீர்ப்பு தரும் பாடம்.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், குழந்தைகளுக்கு இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை அளித்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலையக் கொட்டடியிலும் சிறையிலும் அடைப்பதைத் தடுக்கிறது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தப் பணிக்கிறது. 16 வயதைக் கடந்தவர் கொடுங்குற்ற வழக்கில் பெரியவரைப் போல் விசாரிக்கப்படவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே வழக்கறிஞரின் துணை அங்கே இன்னும் இன்றியமையாதது. வயதை எந்நிலையிலும், தீர்ப்புக்குப் பின்னரும், எடுத்துரைக்கலாம். பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழுமே அதற்கு முதற்சான்று.

இத்தனை உரிமைகள் இருந்தும், நம் வீடுகளில் பிள்ளைமீது புகார் வந்தால் முதலில் எழுவது மானக்கேடு பற்றிய அச்சமே. "ஒப்புக்கொள், விட்டுவிடுவார்கள்" என்று பெற்றோரே அறிவுரை கூறிவிடுகின்றனர். காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சான்றாகாது என்பதைப் பலர் அறியார். பிள்ளை தவறே செய்திருப்பினும், அவன் தரப்பைக் கேட்ட பின்னரே தீர்ப்பு என்பது நீதியின் முதற்படி. சான்றிதழைப் பத்திரமாக வைப்போம். சட்டப்பணிகள் குழுவின் கதவைத் தயங்காது தட்டுவோம். நம் பிள்ளைக்கும் அயலார் பிள்ளைக்கும் இதில் வேற்றுமை காணாதிருப்போமாக.